ஆபீஸ் ஃபயர்வாலுக்குப் பின்னால் நம் இணைய வானொலி கேட்கவில்லை: 8000 போர்ட்தான் காரணமா?

மாடிவீட்டு வானொலி | திங்கள், இரவு 10:05

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் வீட்டு மாடியறையில் இருந்து இரண்டு வருடமாக ஒரு சின்ன இணைய வானொலி நடத்துகிறேன். பெரிய கூட்டமெல்லாம் இல்லை, காலையில் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். ஊர்க்கதை, நாங்களே பதிவு செய்த வில்லுப்பாட்டு, ஏழே காலுக்கு விடுகதைப் போட்டி. விடுகதையைச் சொன்னதும் முதலில் போன் போட்டு விடை சொல்பவருக்கு ஒரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸ் வீட்டுக்கே போகும்.

வீட்டில் இருந்தோ மொபைல் டேட்டாவிலோ கேட்பவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. வேலை செய்யும் இடத்தில் இருந்து கேட்க நினைப்பவர்களுக்குத்தான் கேட்பதில்லை. மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், ஒரு மருத்துவமனையில் நர்சாக இருக்கும் அக்கா, கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பி.

மாத வாடகைக்கு எடுத்த உபுண்டு சர்வர். அதில் ஒலியை நேயர்களுக்கு அனுப்பும் ஐஸ்காஸ்ட் 2.4, போர்ட் (சர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட கதவு) 8000, மவுண்ட் (ஒலிபரப்பின் முகவரிப் பாதை) பெயர் லைவ். லேப்டாப்பில் இருந்து 'பட்' மென்பொருள் வழியாக 128 கேபிபிஎஸ் எம்பி3 அனுப்புகிறேன். அதே சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருளில் சைட் ஓடுகிறது. பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ்ஸும் உண்டு, ஆனால் அதில் திறந்தால் பிளேயர் பாடாது என்பதால் எல்லோருக்கும் சாதா எச்டிடிபி லிங்கையே கொடுத்து வைத்திருக்கிறேன்.

8000-ஐ வேறு எண்ணாக மாற்றினால் போதுமா?

புதுலினக்ஸ் | திங்கள், இரவு 10:31

ப்ரோ, சிம்பிள். ஐஸ்காஸ்ட் கான்ஃபிக்கில் 8000 இருக்கும் இடத்தில் 443 போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. 443 எச்டிடிபிஎஸ் போர்ட், அதை யாரும் அடைக்க மாட்டாங்க, அடைச்சா மொத்த இணையமும் போயிடும்.

மாடிவீட்டு வானொலி | திங்கள், இரவு 11:02

போட்டேன். ஐஸ்காஸ்ட் எழுந்திருக்கவே இல்லை. 443-இல் சாக்கெட் உருவாக்க முடியவில்லை என்று லாக்கில் ஒரு வரி. பத்து நிமிடம் ஒலிபரப்பு நின்று, இரவுக் கதை கேட்டுக்கொண்டிருந்த நாற்பது பேரும் போய்விட்டார்கள். பழையபடி 8000-க்கே மாற்றிவிட்டேன்.

கம்பிக்காரன் | செவ்வாய், காலை 6:48

தம்பி, ஓடுகிற ஒலிபரப்பில் கை வைக்காதீர்கள். கான்ஃபிக்கை மாற்றிப் பார்ப்பதெல்லாம் யாரும் கேட்காத நேரத்தில்.

443-இல் எழாததற்கு உங்கள் சர்வரில் இரண்டு காரணம் இருக்கிறது. அந்த இடத்தில் என்ஜின்எக்ஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாவிட்டாலும், லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளைத் திறக்க ரூட் உரிமையோ தனி அனுமதியோ வேண்டும், ஐஸ்காஸ்ட் சாதாரணப் பயனராக ஓடுகிறது. போர்ட் எண்ணை மாற்றினாலும் 443-இல் பேச டிஎல்எஸ் என்ற பூட்டு முறை தெரிய வேண்டும். ஐஸ்காஸ்ட் 2.4-க்கு அது தெரியும், ஆனால் சில லினக்ஸ் தொகுப்புகளில் அந்த வசதி இல்லாமலேயே கட்டிக் கொடுக்கிறார்கள்.

அதற்கு முன்னால், மூன்று பேருக்கும் என்ன தெரிகிறது என்று தனித்தனியாகக் கேட்டீர்களா? 'கேட்கவில்லை' என்பது நோய் இல்லை, அறிகுறி. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா, உடனே பிழை வருகிறதா, தடுப்புப் பக்கம் வருகிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு.

மாடிவீட்டு வானொலி | செவ்வாய், மதியம் 1:15

கேட்டேன். வங்கி அண்ணன்: சைட் திறக்கிறது, பிளே அழுத்தினால் வட்டம் சுற்றுகிறது, ஒன்றரை நிமிடம் கழித்துப் பிழை. மருத்துவமனை அக்கா: கிட்டத்தட்ட அதேதான். ஓய்வறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதாம், அதில் கேட்கப் பார்க்கிறார். விடுதித் தம்பி: சைட்டே திறக்கவில்லை, கல்லூரி முத்திரையோடு 'இந்தப் பக்கத்துக்கு அனுமதி இல்லை' என்று சிவப்பாக ஒரு பலகை.

கம்பிக்காரன் | செவ்வாய், மாலை 7:20

இப்போது பேசலாம். விடுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம், அது நம் கையில் இல்லாத கதை.

சுற்றிக்கொண்டே இருந்தால், பாக்கெட்டை ஃபயர்வால் சத்தமில்லாமல் கீழே போடுகிறது என்று அர்த்தம். பிரவுசர் கதவைத் தட்டுகிறது, உள்ளே இருந்து 'இல்லை' என்றுகூடப் பதில் இல்லை. அலுவலகங்களில் வெளியே போக 80 (சாதா எச்டிடிபி), 443 இரண்டை மட்டும் திறந்து வைப்பது சாதாரணம். சந்தேகம் தீர அந்த அண்ணனை போர்ட்குவிஸ் டாட் நெட் தளத்தை 8000 போர்ட்டோடு திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த சர்வர் கிட்டத்தட்ட எல்லா டிசிபி போர்ட்டிலும் பதில் சொல்லும். அங்கேயும் வட்டம் சுற்றினால் குற்றம் உங்கள் சர்வரில் இல்லை.

மருந்து: ஐஸ்காஸ்ட் 8000-லேயே இருக்கட்டும். என்ஜின்எக்ஸை முன்னால் நிறுத்துங்கள். சைட்டின் 443 சர்வர் பிளாக்கில் லைவ் என்ற பாதைக்கு ஒரு லொக்கேஷன் எழுதி, அதை உள்ளே 127.0.0.1-இன் (அதே சர்வரின் உள் முகவரி) 8000-க்கு பிராக்சி பாஸ் செய்யுங்கள், அதாவது வரும் கேள்வியை என்ஜின்எக்ஸ் அங்கே கடத்தட்டும். அந்த ஒரு பாதையை மட்டும். மொத்த ஐஸ்காஸ்ட்டையும் திறந்துவிட்டால் அட்மின் பக்கமும் சேர்ந்து வெளியே வரும்.

அதோடு மறக்கக் கூடாத ஒரு வரி, பிராக்சி பஃபரிங் ஆஃப். இதை மறந்து நான் பட்டிருக்கிறேன். பஃபரிங் ஓடினால், ஐஸ்காஸ்ட் கொடுப்பதையெல்லாம் என்ஜின்எக்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளும். நேயரின் லைன் மெதுவாக இருந்தால் மிச்சத்தைத் தற்காலிகக் கோப்பாக டிஸ்க்கில் எழுதும். ஒரு இணைப்புக்கு 1 ஜிபி வரை எழுதலாம் என்பதுதான் இயல்பு அமைப்பு. முடிவில்லாத ஒலிபரப்புக்கு அது போதாத காலம். ஒரு கோயில் திருவிழா நேரலையில் நாலு பேர் பிளேயரை பாஸ் செய்துவிட்டுத் தூங்கப் போனார்கள், காலையில் என் சின்ன டிஸ்க்கில் இடமே இல்லை. பஃபரிங்கை அணைத்துவிட்டால் பின்தங்கும் நேயரை ஐஸ்காஸ்ட்டே கழற்றிவிடும், அதன் வரிசைக்கு 5,24,288 பைட் என்று எல்லை இருக்கிறது.

அப்புறம் ஒர்க்கர் கனெக்‌ஷன்ஸ் எண்ணைப் பாருங்கள், என்ஜின்எக்ஸின் ஒவ்வொரு வேலைச் செயலும் ஒரே நேரத்தில் தாங்கும் இணைப்புகளின் எல்லை அது. உபுண்டுவில் 768 இருக்கும். ஒரு நேயருக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு இணைப்பு செலவாகும். எழுபது பேருக்குப் பிரச்சினை இல்லை, திருவிழா வைத்தால் கூட்டிக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் இருந்து போகும் சோர்ஸ் (மூல ஒலி) பழையபடி நேராக 8000-க்கே போகட்டும். அதை என்ஜின்எக்ஸ் வழியாக இழுக்க முயல வேண்டாம்.

புதுலினக்ஸ் | செவ்வாய், இரவு 8:02

எதுக்கு அண்ணே இவ்ளோ சுத்தல்? ஐஸ்காஸ்ட்டில் டிஎல்எஸ் ஆன் பண்ணி 8443-இல் விட்டா முடிஞ்சுது. என்ஜின்எக்ஸே தேவையில்லை.

கம்பிக்காரன் | செவ்வாய், இரவு 8:40

வங்கியில் 80-உம் 443-உம் மட்டும் திறந்திருந்தால் 8443 எப்படிப் போகும் தம்பி?

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நிறைய இடங்களில் வெளியே போகும் வழி ஸ்குவிட் என்ற பிராக்சி, அதாவது நடுவில் நின்று கேள்விகளைக் கடத்தும் மென்பொருள். அதன் இயல்பு கான்ஃபிக்கை எடுத்துப் படித்துப் பாருங்கள். 1025-இல் இருந்து 65535 வரை பாதுகாப்பான போர்ட் பட்டியலில் இருக்கிறது, ஆனால் டிஎல்எஸ் சுரங்கம் போட கனெக்ட் கட்டளையை 443-க்கு மட்டும்தான் விடும். அதனால் சாதா எச்டிடிபியில் 8000 பாடும், எச்டிடிபிஎஸ்ஸில் 8443 பாடாது. பூட்டுப் போட்டுப் பத்திரமாக்கினோம் என்று நினைப்போம், அதனாலேயே வெளியே நிற்போம்.

சிற்றலை சிவம் | செவ்வாய், இரவு 9:15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பழைய ஆள், சிற்றலையில் இரவெல்லாம் முள்ளைத் திருகிக்கொண்டிருந்தவன். ஓய்வுக்குப் பிறகு ஷவுட்காஸ்ட் என்ற ஒலிபரப்பு மென்பொருளின் முதல் பதிப்பை வைத்துப் பழைய ஒலிநாடாக்களை ஓடவிடுகிறேன். என் நண்பர் ஒருவர் அலுவலகத்தில் 80 போர்ட்டில் வைத்தும் கேட்கவில்லை. முகவரியின் கடைசியில் ஒரு அரைப்புள்ளி போட்டுப் பார்க்கச் சொன்னார்கள், போட்டேன், என் பிரவுசரில் பாடுகிறது, அவருக்கு இல்லை. அந்த அரைப்புள்ளி என்ன மந்திரம் என்று இன்றுவரை புரியவில்லை.

கம்பிக்காரன் | செவ்வாய், இரவு 9:50

மந்திரம் இல்லை ஐயா. பழைய ஷவுட்காஸ்ட் வருவது பிரவுசரா பிளேயரா என்று பார்க்கும். பிரவுசர் என்று தெரிந்தால் பாட்டுக்குப் பதில் நிலவரப் பக்கத்தைக் கொடுக்கும். அரைப்புள்ளி போட்டால் 'நான் பாட்டுக்குத்தான் வந்தேன்' என்று எடுத்துக்கொள்ளும்.

உங்கள் நண்பருக்குக் கேட்காததற்கு வேறு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். வலைச் சர்வர் பதில் சொல்லும்போது முதல் வரி 'எச்டிடிபி' என்று தொடங்க வேண்டும். உங்கள் ஷவுட்காஸ்ட் 'ஐசிஒய் 200 ஓகே' என்று தொடங்கும். வின்ஆம்ப் பிளேயருக்கு அது தாய்மொழி. கறாரான பிராக்சிக்கு அது எச்டிடிபியே இல்லை, அங்கேயே வெட்டிவிடும். போர்ட் திறந்திருந்தும் உள்ளே விடாத கதை இதுதான். முன்னால் ஒரு ஐஸ்காஸ்ட்டை வைத்து உங்கள் ஷவுட்காஸ்ட்டில் இருந்து ரிலே எடுக்க, அதாவது அதை வாங்கி மறுபடி ஒலிபரப்பச் சொல்லுங்கள். வெளியே போகும் பதில் முறையான எச்டிடிபியாக இருக்கும், நாடாக்களைத் தொட வேண்டியதில்லை.

சிற்றலை சிவம் | செவ்வாய், இரவு 10:04

நன்றி. நாளை பேரன் வந்ததும் செய்கிறேன்.

மாடிவீட்டு வானொலி | புதன், இரவு 11:48

என்ஜின்எக்ஸ் வழி போட்டாயிற்று. யாரும் கேட்காத நேரம் பார்த்துத்தான் செய்தேன் அண்ணே!

வங்கி அண்ணனுக்கு இன்று மதியமே பாடியது. கூடவே சைட்டை எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்ற முடியாமல் இருந்த தொல்லையும் போயிற்று. அது ஏன் என்று இப்போதுதான் உறைத்தது. பக்கம் எச்டிடிபிஎஸ், பாட்டு லிங்க் எச்டிடிபி. குரோம் 2020-இல் இருந்து அந்தப் பாட்டு லிங்கையும் தானாகவே எச்டிடிபிஎஸ்ஸாக மாற்றிக் கேட்குமாம். 8000-இல் டிஎல்எஸ் இல்லை, அதனால் ஊமை.

மருத்துவமனை அக்காவுக்கு இன்னும் இல்லை.

ஒரு சின்ன உபரித் தொல்லை. எம்3யூ கோப்பை (ஒலிபரப்பு முகவரி எழுதிய சின்னக் கோப்பு) தரவிறக்கி விஎல்சி பிளேயரில் கேட்பவர்கள் இரண்டு பேர் இப்போது கேட்கவில்லை என்கிறார்கள். கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே 127.0.0.1 என்று இருக்கிறது!

கம்பிக்காரன் | வியாழன், காலை 6:30

எம்3யூவை ஐஸ்காஸ்ட் தானாக உருவாக்கிக் கொடுக்கிறது. என்ஜின்எக்ஸ் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதோ அதையே எழுதிவிடுகிறது. ஹோஸ்ட் ஹெட்டரை (நேயர் கேட்ட சைட் பெயர்) அப்படியே கடத்தச் சொல்லலாம். நான் செய்வது அதைவிடச் சோம்பேறித்தனம்: ஒரு வரி டெக்ஸ்ட் கோப்பைக் கையால் எழுதி, அதையே எம்3யூ என்று வைத்துவிடுவேன்.

80 போர்ட்டில் லைவ் பாதையை மட்டும் 443-க்குத் திருப்பாமல் அப்படியே பாட விடுங்கள். வைஃபை ரேடியோ பெட்டி வைத்திருக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். பழைய பெட்டிகள் நிறைய டிஎல்எஸ் அறியாதவை.

அக்கா விஷயத்துக்கு ஊகம் வேண்டாம். என்ஜின்எக்ஸ் அக்சஸ் லாகில் அவர் முயன்ற வரிகளை எடுத்துப் போடுங்கள். ஐபி முகவரியை அழித்துவிட்டுப் போடுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், இணைப்பு முடிந்த பிறகுதான் என்ஜின்எக்ஸ் வரி எழுதும், கேட்டுக்கொண்டிருக்கும்போது தேடினால் இருக்காது.

மாடிவீட்டு வானொலி | வியாழன், மாலை 5:10

மூன்று தடவை முயன்றாராம், மூன்று வரி இருக்கிறது. மூன்றிலும் விடை 200, அதாவது வெற்றி. அனுப்பிய பைட் மட்டும் போடுகிறேன்:

48,65,912
48,66,240
48,65,488

ஆனால் அவர் ஒரு சொட்டுச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்கிறார். ஸ்பீக்கர் சரியாகத்தான் இருக்கிறது, யூடியூப் இல்லை, வேறு ஒரு பயிற்சி வீடியோ அதில் ஓடுகிறது. 48 லட்சம் பைட் எங்கே போனது?

கம்பிக்காரன் | வியாழன், மாலை 6:25

ஆஹா. இதுதான் நல்ல லாக்.

கணக்குப் போடுவோம். 128 கேபிபிஎஸ் என்றால் விநாடிக்கு 16,000 பைட். ஐஸ்காஸ்ட் ஒவ்வொரு நேயருக்கும் தொடக்கத்தில் மொத்தமாக 65,535 பைட் வரை ஊட்டும், சத்தம் சட்டென்று தொடங்குவதற்காக. அதைக் கழித்தால் மிச்சம் 48 லட்சம். 16,000-ஆல் வகுத்தால் 300. மூன்று தடவையும் 300 விநாடி, ஐந்து நிமிடம். மனிதர் கை இப்படி அளந்து மூடாது. அங்கே ஏதோ ஒரு பெட்டி ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டுக் கையைக் கழுவுகிறது.

நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். மருத்துவமனையில் வைரஸ் சோதனை செய்யும் பிராக்சி இருக்கிறது. அது எந்தக் கோப்பையும் முழுதாக இறக்கி, சோதித்து, நல்லது என்றால்தான் உள்ளே இருப்பவருக்குக் கொடுக்கும். பிடிஎஃப்புக்கு இது சரி. உங்கள் ஒலிபரப்பு அதன் கண்ணுக்கு ஒரு எம்பி3 கோப்பு, முடியவே முடியாத கோப்பு. கடைசி பைட் வரட்டும் என்று காத்திருக்கிறது, நீங்கள் வில்லுப்பாட்டை முடிப்பதாக இல்லை. ஐந்து நிமிடத்தில் கெடு தாண்டியதும் குப்பையில் போட்டுவிடுகிறது.

எச்டிடிபிஎஸ் ஆச்சே, உள்ளே எப்படிப் பார்க்கிறது என்று கேட்பீர்கள். பொதுக் கம்ப்யூட்டர் நிறுவனத்துடையது. அதில் நிறுவனத்தின் சொந்த ரூட் செர்ட்டிஃபிகேட் ஏற்றியிருப்பார்கள், பிராக்சி நடுவில் பிரித்துப் படித்து மீண்டும் பூட்டி அனுப்பும். சரிபார்க்க அக்காவிடம் சொல்லுங்கள்: பூட்டுப் படத்தை அழுத்தி, உங்கள் சைட்டின் செர்ட்டிஃபிகேட்டை வழங்கியது யார் என்று பார்க்கட்டும். நீங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் வாங்கியிருந்து, அங்கே வேறு பெயர் தெரிந்தால் முடிந்தது.

அதாவது போர்ட் என்பது முதல் கதவு மட்டும். இரண்டாவது கதவில் நிற்பவருக்கு 'முடிவில்லாத கோப்பு' என்ற விஷயமே புரியாது. அவருக்குப் புரிகிற உருவத்தில் கொடுக்க வேண்டும்.

மாடிவீட்டு வானொலி | வியாழன், இரவு 9:33

பார்த்துவிட்டார். லெட்ஸ் என்கிரிப்ட் இல்லை, மருத்துவமனையின் பெயரே வருகிறது. எனக்குக் கொஞ்சம் திகிலாகவே இருந்தது. பிரித்துப் படிக்கிறார்களா?

கம்பிக்காரன் | வியாழன், இரவு 9:51

அவர்கள் கம்ப்யூட்டர், அவர்கள் விதி. அதில் யாரும் வங்கிக் கணக்கைத் திறக்காமல் இருந்தால் சரி.

இனி எச்எல்எஸ் என்ற ஒலிபரப்பு முறை. ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்தது, 2017-இல் ஆர்எஃப்சி 8216 என்ற இணைய ஆவணமாக வெளியானது. ஒலிபரப்பை ஆறு ஆறு விநாடித் துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வைக்கும். கூடவே கடைசி நாலைந்து துண்டுகளின் பெயர் எழுதிய ஒரு பட்டியல். பிளேயர் பட்டியலைத் திரும்பத் திரும்ப வாங்கி, புதுத் துண்டு வந்தால் இறக்கிக்கொள்ளும். பிராக்சிக்குத் தெரிவது சின்னச் சின்னக் கோப்புகள்தான். 64 கேபிபிஎஸ் ஏஏசி ஒலி வடிவில் ஒரு துண்டு ஐம்பதாயிரம் பைட் சொச்சம். இறக்கும், சோதிக்கும், கொடுக்கும். வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற மாதிரி, குழாய் போட விடாத வீட்டுக்கு.

எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி மாற்றும் மென்பொருளை அதே சர்வரில் ஓடவிட்டு, உள்ளேயே ஐஸ்காஸ்ட்டில் இருந்து எடுத்து எச்எல்எஸ்ஸாக எழுதச் சொல்லுங்கள். துண்டு நீளம் 6, பட்டியலில் 5, பழைய துண்டுகளை அழிக்கும் கொடி. டிஸ்க்கில் எழுத வேண்டாம், டெவ் எஸ்எச்எம் போன்ற நினைவகக் கோப்புறையில் எழுதட்டும். தொடக்க எண்ணை எபாக் நேரத்தில் (கணினியின் ஓடும் விநாடிக் கணக்கு) இருந்து எடுக்கும் விருப்பம் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் விழுந்து எழும்போது துண்டு எண் பூஜ்யத்துக்குப் போகும், கேட்டுக்கொண்டிருக்கும் பிளேயர் குழம்பி நின்றுவிடும். விழுந்தால் எழுப்பிவிட லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி.

ஐபோனில் சஃபாரிக்கு இது தானாகவே பாடத் தெரியும். அக்காவின் டெஸ்க்டாப் பிரவுசருக்கு எச்எல்எஸ்.ஜேஎஸ் நூலகத்தைப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

புதுலினக்ஸ் | வியாழன், இரவு 10:20

எல்லாத்தையும் விட ஈசி: அக்காவை ஒரு ஃப்ரீ விபிஎன் போடச் சொல்லுங்க. விடுதித் தம்பிக்கும் அதேதான். நான் காலேஜில் அப்படித்தான் எஸ்எஸ்எச் டனல் போட்டுக் கேட்பேன்.

வலைக்காவல் | வெள்ளி, காலை 10:12

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். அதாவது உங்கள் கதையில் சிவப்புப் பலகை மாட்டுகிற ஆள் நான்தான்.

தம்பி, நீங்கள் காலேஜில் செய்தது உங்கள் பாடு. நர்ஸ் அக்கா மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் இலவச விபிஎன் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? நோயாளி விவரம் ஓடுகிற நெட்வொர்க்கில் தெரியாத சுரங்கம் ஒன்று திறந்ததாக எச்சரிக்கை போகும். விசாரணை அவர் பெயரில் வரும். ஒரு வில்லுப்பாட்டுக்கு வேலையைப் பணயம் வைக்கச் சொல்லாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் நேயருக்கு இப்படி யோசனை சொல்வது அதைவிட ஆபத்து, சில நாடுகளில் விபிஎன் விஷயத்தில் சட்டமே வேறு.

கம்பிக்காரன் சொன்னதெல்லாம் வேறு ரகம். 443-இல் வைப்பதும் துண்டாக்கிக் கொடுப்பதும் யாரையும் ஏமாற்றுவதில்லை. பெயர் தெரிகிறது, செர்ட்டிஃபிகேட் தெரிகிறது, வேண்டாம் என்றால் நான் ஒரே வரியில் தடுத்துவிடலாம். அந்த உரிமை எங்களிடம் இருக்கும் வரை எங்களுக்குக் கோபமே இல்லை.

விடுதி விஷயம். சைட்டே சிவப்பு என்றால் போர்ட்டோடு சம்பந்தம் இல்லை. ஃபயர்வால் கம்பெனிகள் சைட்டுகளை வகை பிரித்து வைத்திருப்பார்கள், நாங்கள் 'ஸ்ட்ரீமிங்' வகை மொத்தத்தையும் அடைத்திருப்போம். அடைப்பது வீடியோவுக்காக. உங்கள் 64 கேபிபிஎஸ் மணிக்கு 28.8 எம்பிதான், நூறு மாணவர்கள் கேட்டாலும் 6.4 எம்பிபிஎஸ். அது எங்களுக்குத் தூசு. வலையில் சுறாவோடு நெத்திலியும் மாட்டிக்கொள்கிறது.

இன்னொன்று, சின்ன சைட்டுகள் பல நேரம் 'வகைப்படுத்தப்படாதது' என்ற பெட்டியில் கிடக்கும். அதையும் அடைத்திருப்போம். ஃபயர்வால் கம்பெனிகளின் தளத்திலேயே ஒரு சைட் எந்த வகையில் இருக்கிறது என்று பார்க்கவும், திருத்தச் சொல்லி விண்ணப்பிக்கவும் படிவம் இருக்கும். சைட் உரிமையாளர் நீங்களே போடலாம்.

அப்புறம் ஒரு கடிதம். தம்பி எழுத வேண்டாம், நீங்கள் எழுதுங்கள், விடுதிக் காப்பாளர் வழியாக நெட்வொர்க் பிரிவுக்கு. 'எங்கள் வானொலியைத் திறந்துவிடுங்கள்' என்று மட்டும் எழுதினால் நான் படித்துவிட்டு மூடிவிடுவேன். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: முழு ஹோஸ்ட் பெயர், போர்ட் 443 மட்டும், ஒருவருக்கு எவ்வளவு பேண்ட்வித், ஒலி மட்டுமா வீடியோ உண்டா, விளம்பர நிரல் ஏதும் பக்கத்தில் இருக்கிறதா, பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது. இது இருந்தால் ஒரு விதி போட எனக்கு ஐந்து நிமிடம். பெயர் மாறிக்கொண்டே இருந்தால் மட்டும் சந்தேகம் வரும். தடுத்ததும் புது டொமைன் வாங்கி வருகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு என்னிடம் நிரந்தரச் சிவப்பு.

புதுலினக்ஸ் | வெள்ளி, காலை 11:05

சரி சார், விபிஎன் பேச்சை வாபஸ் வாங்கிக்கறேன். சைட்டுக்கு முன்னாடி நின்னு கடத்துற கிளவுட்ஃப்ளேர் சேவைக்குப் பின்னாடி வச்சா வேகமா இருக்குமான்னு கேக்கலாமா, இல்ல அதுக்கும் திட்டு விழுமா?

கம்பிக்காரன் | வெள்ளி, மதியம் 12:30

திட்டவில்லை. கிளவுட்ஃப்ளேர் தன் வழியாக விடும் போர்ட்டுகள் குறிப்பிட்ட சிலதான். 8080, 8443 உண்டு, 8000 கிடையாது. ஆரஞ்சு மேகத்தை (அதன் வழியாக விடும் பொத்தான்) போட்டதும் 8000 நேயர்கள் எல்லோரும் காணாமல் போவார்கள், உங்கள் சோர்ஸும் சேர்ந்து. எழுபது பேருக்கு அது தேவையும் இல்லை. 128 கேபிபிஎஸ்ஸில் நூறு பேர் என்றாலே 12.8 எம்பிபிஎஸ்தான்.

மாடிவீட்டு வானொலி | ஞாயிறு, இரவு 9:05

எச்எல்எஸ் பாடுகிறது! ஆனால் சனிக்கிழமை முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டேன், அதைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் என் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே அரை நிமிடம் போலப் பாடிவிட்டு நின்றுவிட்டது. மறுபடி திறந்தால் அதே அரை நிமிடம், அதே வரி. 'ஆத்தங்கரை ஓரத்திலே' வரை வந்து அப்படியே நிற்கிறது. எஃப்எஃப்எம்பெக்கைச் சந்தேகித்து மூன்று மணி நேரம். கடைசியில் பார்த்தால் என்ஜின்எக்ஸில் படங்களுக்காக 'எல்லாக் கோப்பும் ஒரு நாள் கேஷில் இருக்கட்டும்' என்று முன்பு நானே எழுதி வைத்த வரி. துண்டுகளுக்கு அது பரவாயில்லை, பட்டியல் கோப்பும் ஒரு நாள் பழசாகவே பிரவுசருக்குக் கிடைத்திருக்கிறது. பட்டியலுக்கு மட்டும் நோ-கேஷ் போட்டதும் ஆறு ஓடுகிற மாதிரி ஓடியது.

பிளேயரில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். முதலில் நேரடி ஒலிபரப்பை முயலும், எட்டு விநாடியில் சத்தம் தொடங்கவில்லை என்றால் தானாக எச்எல்எஸ்ஸுக்கு மாறும். நேயர் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். அக்கா இன்று இரவுப்பணிக்கு வந்ததும் பிளே அழுத்தினாராம், எட்டு விநாடி மௌனம், அப்புறம் வில்லின் மணி. வாய்ஸ் மெசேஜில் ஓய்வறைச் சிரிப்பெல்லாம் கேட்டது.

ஐஸ்காஸ்ட் கணக்கில் அவர் வரவே மாட்டார் என்பதைக் கவனித்தேன். உள்ளே எஃப்எஃப்எம்பெக் ஒரே ஆளாக நிற்கிறது, அதன் பின்னால் எத்தனை பேர் என்று லாகில் எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

விடுதிக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், வலைக்காவல் சார் சொன்ன ஆறு விவரங்களோடு. பதில் இன்னும் இல்லை.

சிற்றலை சிவம் | திங்கள், காலை 8:20

ரிலே வைத்தாயிற்று. நண்பருக்கு அலுவலகத்தில் கேட்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரும் பக்கத்து மேசைக்காரரும் கேட்கிறார்களாம். பேரன் அரைப்புள்ளியை அழித்துவிட்டான், எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

மாடிவீட்டு வானொலி | வெள்ளி, இரவு 10:40

புதுப் பிரச்சினை. இது ஃபயர்வாலால் வந்தது இல்லை, நாம் கண்டுபிடித்த மருந்தால் வந்தது.

நர்ஸ் அக்கா இந்த வாரம் நாலு நாள் விடுகதைக்குப் போன் செய்தார். நாலு நாளும் விடை சரி. நாலு நாளும் எனக்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார். இன்று கோபமாகவே கேட்டார்: 'தம்பி, நீங்க விடுகதை போடும்போதே நான் போன் எடுக்கிறேன், அதுக்குள்ள எப்படி?'

கைக்கடிகாரத்தை வைத்து அளந்தேன். நான் மைக்கில் சொன்னது நேரடி நேயருக்கு ஏழெட்டு விநாடியில் போகிறது. எச்எல்எஸ்ஸில் 26 விநாடி.

கம்பிக்காரன் | சனி, காலை 6:35

அது அப்படித்தான். துண்டு முழுதாக எழுதி முடிந்தால்தான் பட்டியலில் ஏறும், அது ஆறு விநாடி. பிளேயர் கடைசித் துண்டில் இருந்து தொடங்காது, மூன்று துண்டு பின்னால் இருந்துதான் தொடங்கும், அது பதினெட்டு. துண்டை இரண்டு விநாடி ஆக்கினால் தாமதம் பத்துக்குள் வரும், ஆனால் சோதனை பிராக்சி மூன்று மடங்கு கோப்புகளைப் பார்க்க வேண்டியிருக்கும், ஒவ்வொன்றிலும் அது தாமதித்தால் பாட்டு விக்கும். ஓடுகிறதைக் கெடுக்காதீர்கள். போட்டியை மாற்றுங்கள்.

மாடிவீட்டு வானொலி | திங்கள், காலை 9:30

மாற்றிவிட்டேன். விடுகதையைச் சொன்னதும் நாற்பது விநாடி தவில் துண்டு ஒன்றைப் போடுகிறேன். தவில் முடிந்த பிறகு 'இனி போன் செய்யலாம்' என்று சொல்வதில்லை, சொன்னால் அதுவும் அக்காவுக்குத் தாமதமாகத்தான் போகும். ஏழு பதினாறு வரை வரும் அழைப்புகளை எடுக்காமல் குறித்து மட்டும் வைக்கிறேன், பிறகு அவர்களைத் திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டு, சரியான விடை சொன்னவர்களில் சீட்டுக் குலுக்கல்.

இன்று அக்காவுக்கு விழவில்லை. வங்கி அண்ணனுக்கு விழுந்தது.

விடுதியில் இருந்து பதில் வந்திருக்கிறது: காலை 6 முதல் 8 வரை மட்டும் திறந்துவிடுகிறார்கள், தேர்வு மாதத்தில் அதுவும் இல்லை. தம்பி ஏழு மணிக்கு எழுந்திருப்பானா என்பதுதான் இப்போது கேள்வி.